தமிழ் மீடியத்தில் பத்தாவது, பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம்: பாட வார்த்தைகளை எப்படிப் படிக்க வைப்பது?

போடி அம்மா (கேள்வி)

எங்கள் மகள் பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தாள். அறிவியலும் கணக்கும் நன்றாக வரும். இப்போது பிளஸ் ஒன்னில் பயாலஜி மேக்ஸ் குரூப், இங்கிலீஷ் மீடியம். நாங்கள் சேர்க்கவில்லை, அவளேதான் கேட்டாள். காலேஜுக்குப் போனால் எப்படியும் இங்கிலீஷ்தான், அங்கே போய்த் திணறுவதற்கு இங்கேயே திணறிவிடுகிறேன் என்றாள். சரி என்று விட்டுவிட்டோம்.

பாடம் புரியவில்லை என்று அவள் சொல்வதில்லை, புத்தகம்தான் புரியவில்லை என்கிறாள். தமிழில் கேட்டால் நியூட்டன் விதி, உந்தம், முடுக்கம் எல்லாம் கடகடவென்று சொல்கிறாள். அதே விஷயம் இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தால் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. தெரியாத வார்த்தை ஒவ்வொன்றையும் கோடு போட்டு, போனில் அர்த்தம் தேடி, தனி நோட்டில் எழுதி வைக்கிறாள். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். யூனிஃபார்ம் என்றால் சீருடை, பாடி என்றால் உடல், பிளேன் என்றால் விமானம், சார்ஜ் என்றால் கட்டணம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ரெஸ்பெக்டிவ்லி என்பதற்கு அவளாகவே யூகித்து 'மரியாதையாக' என்று எழுதியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. இயற்பியலில் எதற்கு மரியாதை?

நானும் அவள் அப்பாவும் தமிழ் மீடியம்தான், எங்களால் பெரிதாக உதவ முடியாது. டியூஷன் சார், தமிழ்ப் புத்தகத்தை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள், அதைப் பார்த்தால் இங்கிலீஷ் வராது என்கிறார். அது சரியா? இந்த நோட்டு வேலையைத் தொடரச் சொல்லலாமா, நிறுத்தச் சொல்லலாமா? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பிசிக்ஸ் வாத்தியார்

அம்மா, முதலில் அந்தப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்குங்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், ஒவ்வொரு ஜூன் மாதமும் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் என் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பெரிய சொத்தே அந்தத் தமிழ்ப் புத்தகம்தான்.

நம் மாநிலப் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும் ஒரே பாடம்தான். அதே அலகு, அதே படம், அதே கணக்கு, பெரும்பாலும் வரிக்கு வரி அதே வாக்கியம். பத்தாம் வகுப்பு அறிவியலின் ஆங்கில வழிப் புத்தகத்தை இறக்கிக்கொள்ளுங்கள், பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசம்தான். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கை வைப்பதற்கு முன்னால், ஏற்கெனவே தமிழில் கரைத்துக் குடித்த பத்தாம் வகுப்புப் பாடத்தை இங்கிலீஷில் ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் மொழி மட்டும்தான் புதிது. விஷயமும் புதிது, மொழியும் புதிது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றினால்தான் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

முதல் அலகு இயக்க விதிகள். தமிழில் "பொருள் ஒன்றின் மீது செயல்படும் விசையானது அப்பொருளின் உந்த மாற்ற வீதத்திற்கு நேர்த்தகவில் அமையும்" என்று படித்திருப்பாள். இதன் இங்கிலீஷ் வாக்கியத்தில் அவளுக்குத் தேவையான துண்டுகள் மூன்று: ஆக்டிங் ஆன், டைரக்ட்லி ப்ரொபோர்ஷனல் டு, ரேட் ஆஃப் சேஞ்ச் ஆஃப். இந்த மூன்றையும் துண்டு துண்டாகவே மனதில் வாங்கிவிட்டால் பிளஸ் ஒன் இயற்பியல் முழுக்க வந்துகொண்டே இருக்கும், கெமிஸ்ட்ரியில் வினைவேகம் வரும்போதும் வரும். 'ரேட்' என்று தனியாக அகராதியில் தேடினால் விலை என்றுதான் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனிக்கச் சொல்லுங்கள். உந்தம், மாற்றம், வீதம் என்று தமிழ் போகிற வரிசைக்கு நேர் எதிராக இங்கிலீஷ் போகிறது: ரேட், சேஞ்ச், மொமென்டம். 'ஆஃப்' வருகிற இடத்திலெல்லாம் வால் பக்கமிருந்து படித்தால் தமிழ் வரிசை கிடைத்துவிடும். என் வகுப்பில் இதைச் சொன்ன அன்றைக்கே சில பிள்ளைகளுக்கு முகம் தெளிந்துவிடும், வார்த்தை ஒன்றுகூடக் கூடுதலாகக் கற்றிருக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த நோட்டு. நிறுத்த வேண்டாம், ஆனால் பொது அகராதி வேண்டாம். யூனிஃபார்ம், பாடி, பிளேன், சார்ஜ், ஃபீல்டு, மொமென்ட், வொர்க், பவர் எல்லாம் வெளியில் ஒரு வேலை, இயற்பியலில் வேறு வேலை பார்க்கிற வார்த்தைகள். கெமிஸ்ட்ரியில் பேஸ், சொல்யூஷன், மோல். அகராதியில் மோல் என்று தேடி 'மச்சம்' என்று எழுதி வைத்த நோட்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். சீரான, பொருள், தளம், மின்னூட்டம், புலம், திருப்புத்திறன், காரம், கரைசல் என்று அவளுக்கே தெரிந்த வார்த்தைகள்தான் சரியான விடை. அவை தமிழ்ப் பாடப்புத்தகத்தில்தான் இருக்கின்றன, போனில் இல்லை.

---

நேர்ப்பேச்சு

நான் ஒரு கசப்பான விஷயம் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமா என்று ஒரு தடவை யோசித்தீர்களா? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010 சட்டம். 2020இல் திருத்தம் வந்த பிறகு பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் வேலை என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் மாறினால் அந்தக் கதவு மூடிவிடும், பத்தாவது தகுதிக்கான வேலைகளுக்கு மட்டும்தான் மிச்சம். நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். இங்கிலீஷ் மீடியம் என்றால் அறிவு என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் ஓடுகிறோம்.

---

போடி அம்மா

சார், ரொம்ப நன்றி. ஆங்கில வழிப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை இறக்கிவிட்டோம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படம் எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்த்து அவளுக்கே சந்தோஷம்.

நேர்ப்பேச்சு அண்ணா, நீங்கள் சொல்வது தெரிந்துதான் சேர்த்தோம். அவளுக்கு அரசு வேலையில் நாட்டமில்லை, மெடிக்கல் அல்லது அக்ரி என்கிறாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு மீடியம் தடையில்லை என்று பள்ளியில் சொன்னார்கள். மாறுவதா வேண்டாமா என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டோம், இனி எப்படி என்பதுதான் கேள்வி.

---

ஹாஸ்டல் பெஞ்சு

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், இப்போது எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம். நீட் பற்றி ஒன்று: தமிழ் வினாத்தாள் வாங்கினாலும் அதில் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கும், இரண்டுக்கும் முரண்பட்டால் இங்கிலீஷில் இருப்பதுதான் செல்லும். 2018இல் தமிழ் மொழிபெயர்ப்பில் 49 கேள்விகள் தப்பு என்று வழக்காகி, மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொல்லி, அப்புறம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் இங்கிலீஷ் வரியைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லதுதான்.

தங்கச்சிக்கு நான் சொல்வது, உன்னிடம் குறையிருக்கிறது என்று நினைக்காதே. வெப்ப உமிழ் வினை, வெப்பக்கொள் வினை என்று நாம் படித்தோம், பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தில் முதலிலிருந்து படித்த என் நண்பர்களில் பாதிப் பேருக்கு எக்ஸோ எது, எண்டோ எது என்று இன்னும் குழப்பம், ஏனென்றால் அவர்களுக்கு அது வெறும் சத்தம். எக்ஸோ என்றால் வெளியே, எண்டோ என்றால் உள்ளே, தெர்ம் என்றால் வெப்பம் என்று நீ ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டால் தமிழ்ப் பெயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிடும். எலக்ட்ரோலிசிஸ், ஹைட்ரோலிசிஸ் இரண்டிலும் லிசிஸ் என்றால் பகுப்பு, மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு. வெப்ப இயக்கவியல் அலகில் ஐசோதெர்மல், ஐசோபாரிக், ஐசோகோரிக் என்று வரிசையாக வரும், வகுப்பே மிரளும். ஐசோ என்றால் சமம். வெப்பநிலை மாறா, அழுத்தம் மாறா, பருமன் மாறா, அவ்வளவுதான் சங்கதி. ஒரு பக்கத்துக்கு இப்படி ஒரு வேர்ச்சொல் பட்டியல் போட்டு வைத்துக்கொள், அதற்குமேல் நீளமாக்காதே.

எனக்கு உண்மையில் அடி விழுந்தது வேறு இடத்தில். புத்தகத்தில் பார்த்தால் தெரிகிற வார்த்தை, வகுப்பில் புரொபசர் வாயிலிருந்து வரும்போது தெரியவில்லை. ஹைப்பாதிசிஸ், இக்விலிப்ரியம், நெக்லிஜிபிள் எல்லாம் நான் மனதுக்குள் வேறு எப்படியோ உச்சரித்து வைத்திருந்தேன். நோட்டில் வார்த்தைக்குப் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வது பழக்கம், ஆனால் தமிழில் பேஸ் என்று எழுதினால் அது பி சத்தமா, பூவுக்கு வருகிற ப சத்தமா என்று அடுத்த வாரம் நமக்கே தெரியாது. அதனால் காதால் கேட்க வேண்டும். அரசு கல்வித் தொலைக்காட்சியின் பாட வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன, பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டு அதைக் கேட்டால் வார்த்தைகள் தானாகக் காதில் விழும். அப்புறம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர் மொட்டை மாடியில் நடந்துகொண்டே மாறி மாறி டெஃபினிஷன் சொல்வோம், கீழே இருக்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

---

சிரம்பான் டீச்சர்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இது எங்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் நடக்கிற கதை, மொழி மட்டும் வேறு. தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 1 முதல் ஆண்டு 6 வரை படிக்கிற பிள்ளை படிவம் 1க்குப் போனதும் வரலாறு, புவியியல் எல்லாம் மலாயில்தான். மலாய் மொழியில் தேர்ச்சி போதாதவர்களை இடைநிலைப் பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வைப்பது பல காலமாக இருந்துவரும் வழக்கம். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் நடந்த கூத்து தனி. 2003இல் இரண்டையும் ஆங்கிலத்தில் போதிக்க வேண்டும் என்று அரசு கொண்டுவந்தது, தமிழ்ப்பள்ளிகளும் மாறின. 2009இல் கைவிடப்போவதாக அறிவித்தார்கள், படிப்படியாகத் திரும்பினோம். 2016இலிருந்து விருப்பப்பட்ட பள்ளிகள் ஆங்கிலத்தில் நடத்தலாம் என்று இன்னொரு திட்டம். பிள்ளைகளைவிட ஆசிரியர்கள்தான் அதிகம் குழம்பியிருப்போம்.

பிசிக்ஸ் வாத்தியார் சொன்னதை நானும் வழிமொழிகிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டு இறுதியில் மலாய் அறிவியல் சொற்களை அறிமுகம் செய்யும்போது நான் தனிச் சொல்லாகக் கொடுப்பதில்லை, குடும்பமாகக் கொடுக்கிறேன். மலாயில் பெக்கு என்றால் உறைந்த, உறைதல் என்பது பெம்பெக்குவான். லெபுர் என்றால் உருகு, உருகுதல் பெலெபுரான். முன்னால் ஓர் ஒட்டு, பின்னால் ஓர் ஒட்டு, நடுவில் வேர். இந்த அமைப்பு பிடிபட்டதும் பார்த்திராத சொல்லையும் பிள்ளைகள் துணிந்து உடைத்துப் பார்க்கிறார்கள். இங்கிலீஷிலும் அப்படித்தான்: அக்ஸலரேட், அக்ஸலரேஷன், ரிஃப்ளெக்ட், ரிஃப்ளெக்ஷன், ரிஃப்ளெக்டெட், ரிஃப்ளெக்டிங். நாலையும் நாலு வார்த்தையாக நோட்டில் எழுதினால் நாலு மடங்கு வேலை. உங்கள் மகளின் நோட்டு அவ்வளவு பெருத்துப் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

---

பிசிக்ஸ் வாத்தியார்

சிரம்பான் டீச்சர் சொன்னது நல்ல யோசனை, நான் திருடிக்கொள்கிறேன்.

ரெஸ்பெக்டிவ்லி விஷயத்தை நான் விட்டுவிட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது. அதை இங்கிலீஷ் ஆசிரியர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு இருக்கிற பீரியடில் சிலபஸை முடிப்பதே பெரும்பாடு.

---

இங்கிலீஷ் மிஸ்

சார், மன்னிக்கவும், இங்கேதான் பிள்ளைகள் நடுவில் விழுகிறார்கள். என் பாடத்தில் கவிதை, உரைநடை, துணைப்பாடம், இலக்கணம். அதில் ரெஸ்பெக்டிவ்லி எங்கே வருகிறது? வேர்ஆஸ், ஹென்ஸ், ப்ரொவைடட் தட், வித் ரெஸ்பெக்ட் டு, இன் டெர்ம்ஸ் ஆஃப், நெக்லெக்டிங் எல்லாம் உங்கள் புத்தகத்தில்தான் வரிக்கு வரி வருகின்றன. நீங்கள் அது இங்கிலீஷ் வேலை என்கிறீர்கள், நாங்கள் அது சயின்ஸ் வேலை என்கிறோம், கடைசியில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உந்தம், முடுக்கம் எல்லாவற்றுக்கும் நீங்கள் போர்டில் எழுதி விளக்கம் சொல்கிறீர்கள். இந்தச் சின்ன வார்த்தைகளுக்கு யாரும் விளக்கம் சொல்லாததால்தான் அந்தப் பெண் மரியாதையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. நியூசிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000இல் பல துறைக் கல்லூரி நூல்களை அலசி, எல்லாத் துறைக்கும் பொதுவாக வருகிற 570 சொற்குடும்பங்களைப் பட்டியல் போட்டார். அந்த வகை எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு வார்த்தை இந்தப் பட்டியலில் இருந்து வருகிறது. டெக்னிக்கல் வார்த்தையும் இல்லை, பேச்சு வார்த்தையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முழுவதையும் உருப்போடச் சொல்லவில்லை, பாடத்தில் எதிர்ப்படும்போது இது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் எதற்கு நேரம் செலவிடலாம் என்று தெரியும்.

அம்மா, ரெஸ்பெக்டிவ்லிக்கு அகராதி அர்த்தம் சொன்னால் மண்டையில் ஏறாது. இப்படிக் காட்டுங்கள்: ராமு, சோமு இருவரின் எடை முறையே 40 கிலோ, 50 கிலோ. அந்த 'முறையே'தான் இது. தமிழ்ப் புத்தகத்தில் நூறு தடவை பார்த்திருப்பாள்.

வினாத்தாள் வார்த்தைகளைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், இவைதான் மார்க்கைத் தின்பவை. டிஃபைன் என்றால் வரையறு, டிரைவ் என்றால் வருவி, டிஸ்டிங்விஷ் என்றால் வேறுபடுத்து, ஜஸ்டிஃபை என்றால் காரணம் காட்டி நிறுவு. டிஃபைன் என்று கேட்டதற்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு, டிரைவ் என்று கேட்டதற்கு ஃபார்முலாவை மட்டும் எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் ஏராளம், பாடம் தெரியாமல் இல்லை. நம் பொதுத் தேர்வு வினாத்தாளில் ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் இங்கிலீஷிலும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். பழைய வினாத்தாள்களை எடுத்து, தமிழ் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, இங்கிலீஷ் வரியைப் படித்து என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் கையை எடுத்துச் சரிபார்க்கட்டும். இதற்கு டியூஷன் தேவையில்லை, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து செய்யலாம். உங்களுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

---

பிசிக்ஸ் வாத்தியார்

மிஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பீரியடு பீரியடுதான்.

---

போடி அம்மா

கையால் மறைத்துக் கேட்கிற விளையாட்டை ஆரம்பித்துவிட்டோம், எனக்கே ரெண்டு மூன்று வார்த்தை தெரிந்துவிட்டது. இன்னும் ரெண்டு சந்தேகம். அவள் வீட்டில் தமிழில்தான் யோசித்துச் சொல்கிறாள், அப்புறம் இங்கிலீஷில் எழுதுகிறாள். இப்படியே போனால் வேகம் வருமா? இன்னொன்று, பயாலஜிக்கு மட்டும் இந்த வழிகள் சரியாக உதவவில்லை என்கிறாள்.

---

இங்கிலீஷ் மிஸ்

தமிழில் யோசிப்பதைத் தடுக்காதீர்கள். கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதியது எங்கள் பி.எட். படிப்பிலேயே வரும்: ஒரு மொழியில் சரளமாகப் பேச ஏறக்குறைய இரண்டு வருடம் போதும், அதே மொழியில் பாடம் படிக்கிற அளவுக்கு வர ஐந்திலிருந்து ஏழு வருடம்கூட ஆகலாம். தாய்மொழியில் நன்றாகப் புரிந்துகொண்ட விஷயம் இரண்டாவது மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். சுற்றிலும் இங்கிலீஷ் கேட்கிற ஊரிலேயே அந்தக் கணக்கு என்றால், போடியில் காலாண்டுத் தேர்வுக்குள் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? எழுதும்போது மட்டும் ஒரு சின்ன வேலை: பதிலைத் தமிழில் யோசித்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றாமல், புத்தகத்தில் இருக்கிற இங்கிலீஷ் வாக்கியத்தின் எலும்புக்கூட்டை எடுத்து அதில் தன் பதிலைப் பொருத்தச் சொல்லுங்கள். "திஸ் இஸ் டியூ டு", "அஸ் எ ரிசல்ட்", "ஆன் தி அதர் ஹேண்ட்" மாதிரி கொஞ்சம் இருந்தால் இப்போதைக்கு ஓட்டிவிடலாம்.

---

ஹாஸ்டல் பெஞ்சு

பயாலஜி பற்றித் தங்கச்சி சொல்வது உண்மை. அங்கே தமிழ்ப் புத்தகத்திலேயே மைட்டோகாண்ட்ரியா, குளோமருலஸ் என்று இங்கிலீஷை அப்படியே எழுதியிருப்பார்கள், அதனால் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைப்பதில் லாபம் குறைவு. வார்த்தைகளின் எண்ணிக்கையும் ரொம்ப அதிகம். அதற்குப் படம்தான் வழி. புத்தகத்தில் இருக்கும் நெஃப்ரான் படத்தைப் பார்த்துப் பெயர்கள் இல்லாமல் ஒரு தாளில் வரைந்து, பெயர்களை மறுநாள் பார்க்காமல் எழுத வேண்டும், விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் நிரப்பி, நாலைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. இடைவெளி விட்டுத் திரும்ப வருவதுதான் முக்கியம், ஒரே ராத்திரியில் இருபது தடவை எழுதுவது வீண்.

வேர்ச்சொல் இங்கே கெமிஸ்ட்ரியைவிட அதிகம் உதவும். நெஃப்ரோ சிறுநீரகம், ஹெப்பாட்டோ கல்லீரல், கார்டியோ இதயம், சைட் என்று முடிந்தால் செல், ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. மெடிக்கல் சேர்ந்தால் இதே பட்டியல்தான் முதல் வருடமும் ஓடும். ஸ்பெல்லிங்குக்கு மட்டும் குறுக்கு வழி எனக்கும் கிடைக்கவில்லை, எழுதித்தான் பழகினேன்.